இரண்டு மூட்டை மணலும் கெசியாவின் சொல்லும்

மெல்போர்ன் பக்கத்துக் கடலில் இருக்கும் எங்கள் பிலிப் தீவில் யாருடைய பசு யாருடைய வேலியைத் தாண்டியது என்று வழக்கு வந்தால், "கெசியா பார்த்தாளா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அவள் பார்த்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அவள் சொன்னதற்கு மேல் யாரும் ஒரு சொல் பேசமாட்டார்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் கோயிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்து, கல்யாணம் என்று ஒன்றைப் பற்றி நினைக்காமலே ஐம்பதை எட்டிவிட்டவள் கெசியா ட்ரெகியர். வீடும் விடுதியும் தகப்பன் விட்டுப்போனவை. இந்தப் பேர் மட்டும் அவள் தானாகச் சம்பாதித்தது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு, அதைக் குறை என்றும் சொல்லலாம். தங்க வருகிறவர்களின் தொழிலைத் துருவித் துருவிக் கேட்பாள். பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர் ஒருவர் வந்தபோது, காதில் விழுவது சரியான சுருதிதான் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டுக் கேட்டு, அவர் தன் காதையே சந்தேகப்படும்படி செய்துவிட்டாள். பல் பிடுங்குகிறவர் ஒருவர் இரண்டு நாள் முன்னதாகவே அறையைக் காலி செய்துகொண்டு போனார்.

அந்த வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமை தீவில் மோட்டார் பந்தயம். மெல்போர்ன் மோட்டார் சங்கத்துக்காரர்கள் கார்களை மிதவையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். சிக்கரித் தோட்டங்களைச் சுற்றி ஓடும் எங்கள் மண் சாலைதான் பந்தயப் பாதை. கெசியாவின் விடுதிக்கு வந்து சேர்ந்தவர் மிஸ்டர் ரிம்மர். மெலிந்த ஆள், வெள்ளை மீசை, கழுத்தில் எப்போதும் ஒரு நிறுத்துக் கடிகாரம். கார் ஓட்ட அவருக்குத் தெரியாது. எந்தக் காரை எவ்வளவு நேரம் முன்னால் விடுவது என்று முடிவு செய்வதுதான் அவருடைய வேலை. ஊரார் அவரைத் தராசுக்காரர் என்று கூப்பிட்டார்கள்.

இந்த வேலை எங்களுக்குப் புதிதில்லை. மரம் வெட்டும் போட்டியில் வருஷா வருஷம் பார்த்ததுதான். பலசாலியையும் நோஞ்சானையும் ஒரே நேரத்தில் கோடரியைத் தூக்கச் சொல்வது நியாயமில்லை அல்லவா? நோஞ்சான் முதலில் வெட்ட ஆரம்பிப்பான். பலசாலி கையைக் கட்டிக்கொண்டு தன் முறை வரும்வரை நிற்பான். கணக்குச் சரியாக இருந்தால் எல்லாக் கட்டையும் ஏறக்குறைய ஒன்றாக விழும். இந்தச் சலுகையைப் பயிற்சியில் பார்த்ததை வைத்துத்தான் கொடுப்பார்கள். அதனால் எங்கள் ஆட்கள் யாரும் பயிற்சியில் முழு பலத்தைக் காட்டுவதில்லை. இருமிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார்கள். அதை யாரும் பாவமாக எண்ணுவதில்லை. ஆனால் ஒரு எல்லை உண்டு. இப்படிச் சலுகை வாங்கிக்கொண்டவன் நூலிழையில்தான் ஜெயிக்க வேண்டும். மற்றவன் பாதி வெட்டுவதற்குள் கட்டையைத் துண்டாக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றால், அவனுக்கு ஊரில் கைதட்ட ஆள் இருக்காது.

கெசியாவுக்கு ஒரு தம்பி, ஜேபஸ். ரொட்டிக் கடைக்காரன். பழைய சின்ன கார் ஒன்றை மேல்கூடு கழற்றி, பின்பக்கத்தைக் கூராக்கி, ரொட்டி அடுப்புக்குப் பின்னால் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அதன் இயந்திரத்தைச் செதுக்கியிருந்தான். பயிற்சி ஆரம்பித்த அன்று காலை, மாவு மூட்டை இரண்டில் கடற்கரை மணலை நிரப்பி அவன் இருக்கைக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தபோது கெசியா பால் வாங்கப் போனவள் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்குடா?"

"காருக்குக் கொஞ்சம் உடம்பு வைக்கட்டும்னுதான் அக்கா."

"வேகம் குறையுமே?"

"குறையத்தானே வைக்கிறேன். நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். சும்மா இரு, போதும். அந்த மனுஷன் உன் வீட்லதான் சாப்பிடுறான்."

"அவர் கேட்டா?"

"கேக்கிறதுக்கு முன்னாடி வாயில ஆட்டுக்கறி பை ஒண்ணத் திணிச்சிடு."

மாவுக்குள் கறியை அடைத்து அடுப்பில் சுடும் அந்தப் பை அவள் கைப்பக்குவம். அவள் சிரித்துவிட்டுப் பாலோடு வீட்டுக்குப் போனாள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் கேள்வி கேட்டது அவள்தான். ஜெபம் முடிந்து, ரிம்மர் உருளைக்கிழங்கை எடுத்து வைத்தவுடன் ஆரம்பித்தாள். "எல்லாரையும் முன்ன பின்ன விட்டு என்ன சார் செய்யப் போறீங்க? கடைசியில என்ன ஆகணும்?"

ரிம்மர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "எல்லா வண்டியும் ஒண்ணா வந்து கோட்டைத் தொடணும், மிஸ் ட்ரெகியர். பெருசு, சிறுசு, பணக்காரன் வண்டி, ரொட்டிக்காரன் வண்டி, எல்லாம் ஒரே கொத்தா. அப்படி நடந்தா என் கணக்கு சரி."

"அப்போ யார் ஜெயிச்சதா ஆகும்?"

"நான்தான்" என்றார் அவர். "ஆனா இருபது வருஷத்துல ஒரு தடவைகூட நடக்கல. எல்லாரும் என்கிட்ட வேகத்தை ஒளிக்கிறாங்க."

வேற்றுமை உள்ளவர்களை ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்க ஒரு மனிதன் இருபது வருஷமாகத் தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறான் என்பது கெசியாவுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியம் அடங்குவதற்குள் அவர் கேட்டுவிட்டார்: "உங்க தம்பி வண்டி நிஜமா எப்படி ஓடும்?"

பை மேசையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க பாத்ததைவிட நல்லா ஓடும் சார். அவன் உக்கார்ற இடத்துக்குக் கீழ ரெண்டு மூட்டை மணல் இருக்கு."

ரிம்மர் அவளை உற்றுப் பார்த்தார். அரும்பின ஒரு சிறு புன்னகையோடு கறியை வெட்ட ஆரம்பித்தார்.

கெசியா மறைக்கத் தெரியாதவள். அன்று மாலையே தம்பியிடமும் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள். ஜேபஸ் மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டான். "ஊர்ல எல்லாருக்கும் அக்கா இருக்காங்க. எனக்கு மட்டும் சாட்சிக்கூண்டு வாய்ச்சிருக்கு" என்றான். அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை விட்டுவிட்டான். அவளுக்கு ரொட்டி மட்டும் வழக்கம்போல் வந்தது.

மறுநாள் கடைசிப் பயிற்சியில் அவன் மணலை எடுத்துவிட்டான். அதற்குப் பதிலாகப் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டினான். பயிற்சி முடிந்ததும் ரிம்மர் நேராக வந்து, இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், நேற்றைய அதே நேரம். அன்று இரவு உணவின்போது கெசியாவிடம் மிகவும் அன்பாகப் பேசினார். "தம்பியைப் பத்தி அக்காமார்களுக்குக் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்யும். நான் தப்பா எடுத்துக்கல."

"நான் பெருமைக்குச் சொல்லல சார்."

"சரி, சரி. பை ரொம்ப நல்லாருக்கு."

சனிக்கிழமை சலுகைப் பட்டியலைக் கடைத்தெருவில் ஒட்டினார்கள். முதலில் புறப்படுவது ஜேபஸ். அவனுக்குப் பின் நீண்ட நேரம் கழித்துத்தான் அடுத்தவன். கடைசியாக, மெல்போர்னிலிருந்து வந்த ஓக்டனின் நீலநிறப் பெரிய கார். இவ்வளவு சலுகையைத் தீவு பார்த்ததே இல்லை.

தபாலாபீசில் உட்காரும் டார்கஸ் பென்ட்ரிக், கெசியாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பட்டியலைப் பார்த்துவிட்டு நேரே விடுதிக்கு வந்தாள்.

"என்னடி போட்ட அந்தப் பையில?"

"ஆட்டுக்கறி. கொஞ்சம் மிளகு."

"மிளகுக்கா இவ்வளவு சலுகை? அந்த மனுஷன் கிட்ட ஜேபஸைப் பத்தி என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். மணல் வெச்சிருக்கான்னு சொன்னேன்."

டார்கஸ் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "உள்ளதைச் சொல்லியும் இத்தனை சலுகை குடுத்தான்னா அவன் கிறுக்கனா இருக்கணும். ஆளப் பாத்தா அப்படித் தெரியல. கூடப் பொறந்தவனுக்காக ஒரு வார்த்தை முன்ன பின்ன சொல்றது உலகத்துல இல்லாததா? ஆனா நீ போய்..."

அந்த "நீ போய்" கெசியாவுக்கு முள்ளாகக் குத்தியது. அன்று மத்தியானம் ஈஸ்டர் விழாவின் மரம் வெட்டும் போட்டி. இரண்டு கட்டைகள் ஒன்றாக விழுந்து சந்தேகம் வந்தால் முடிவு சொல்ல களத்தருகே நாற்காலி போட்டுக் கெசியாவைத்தான் உட்காரவைப்பார்கள். அன்று அவள் போனபோது அந்த நாற்காலியில் பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்திருந்தார். ஒருவர் தொப்பியைத் தூக்கி வணக்கம்கூடச் சொன்னார். அவள் மரச்சிராய்கள் மேல் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்கான ஞாயிறு பாடத்தைத் தயார் செய்ய உட்கார்ந்தாள். படித்த வரி மனதில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை வெயில் ஏறுவதற்குள் சாலையின் இரண்டு பக்கமும் ஜனம். ஊருக்குள் இருக்கும் நேர்ச்சாலைக்கு மட்டும் தண்ணீர் வண்டி விட்டு நனைத்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் செம்புழுதி. முடிவுக் கோட்டுக்கு எதிரே மெதடிஸ்ட் பெண்களின் தேநீர்ப் பந்தல். கெசியா கொதிகெண்டியைப் பிடித்துக்கொண்டாள். டார்கஸ் ஸ்கோன் ரொட்டிகளை விற்றாள். ரிம்மர் கோட்டருகே தன் கடிகாரத்தோடு நின்றார்.

ஜேபஸ் தனியாகப் புறப்பட்டான். சாலையில் அவன் மட்டும்தான். ஒரு சுற்று வந்தான், இரண்டாவது சுற்றும் வந்தான். அதற்குப் பிறகுதான் அடுத்த காரையே விட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் ஓக்டனின் நீலக் கார் உறுமிக்கொண்டு கிளம்பியபோது ஜேபஸ் எங்கோ சிக்கரி உலர்த்தும் சூளைகளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தான். தூரத்தில் ஒரு புழுதித் தூண் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வெகு தூரம் பின்னால் மற்றத் தூண்கள்.

பாதிப் பந்தயத்திலேயே விஷயம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இடைவெளி குறையவே இல்லை. ஜேபஸின் சின்ன கார் நாய்க்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு போனது. ரிம்மர் கடிகாரத்தைப் பார்ப்பார், சாலையைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் காது சிவந்து போயிருந்தது.

"நூலிழையில ஜெயிக்கத் தெரியாதவனா உன் தம்பி?" என்றாள் டார்கஸ்.

"அவன் என்கிட்ட பேசறதில்ல."

"பேசாமலே இவ்வளவு செஞ்சிருக்க."

தேநீருக்கு வந்தவர்கள் கோப்பையை வாங்கிக்கொண்டு, கெசியாவின் முகத்தைப் பார்த்து, சர்க்கரை போட மறந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஜனம் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பந்தலைப் பார்க்க ஆரம்பித்தது. பின்னால் யாரோ "பை" என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். தம்பி தோற்க வேண்டும் என்று எப்படி ஜெபிப்பது? ஜெயிக்க வேண்டும் என்றும் அவளால் கேட்க முடியவில்லை. கர்த்தாவே, என் கை நடுங்காமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அதுமட்டும் கிடைத்தது, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினாள்.

ஜேபஸ் மறுபடி வந்தான். கோட்டைத் தாண்டும்போது கண்ணாடி மாட்டிய முகம் ஒரு கணம் பந்தல் பக்கம் திரும்பியது. கையசைக்கவில்லை, போய்விட்டான்.

அதற்கு அடுத்த சுற்றில் அவன் வரத் தாமதமானது. வந்தபோது கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் துள்ளல் இல்லை. அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு போனான். ரிம்மர் ஒரு அடி முன்னால் வந்தார். "இயந்திரம் சூடாயிடுச்சோ?" என்று யாரோ கேட்டார்கள்.

கடைசிச் சுற்றில் ஊர் முனையில் ஜேபஸின் சின்ன கார் திரும்பியது. கிழவர் ஒருவர் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி வந்தான். தலை பின்னால் திரும்பியிருந்தது. ஊர் வீடுகளுக்கு மேலே தெரிந்த தூரத்துக் குன்றில் ஒரு புழுதித் தூண் நிதானமாக வந்துகொண்டிருந்தது. அவன் அதைத்தான் பார்த்தான். அதே நேரம், நனைந்த சாலையில் ஒரு துளிப் புழுதியும் கிளப்பாமல், நீலக் கார் முனையைத் திரும்பியது. ஜனம் ஒரே குரலாகக் கத்தியது. ஜேபஸ் முன்னால் திரும்பி மிதித்தான். சின்ன கார் துள்ளியது. கோடு நெருங்கியது. இரண்டு மூக்கும் சேர்ந்தே வந்தன. நீல மூக்குதான் முந்தித் தொட்டது. ஒரு முழம் இருக்கலாம். அவர்கள் இருவருக்கும் பின்னால், ஜனத்தின் கத்தல் அடங்குவதற்குள், இன்னும் மூன்று கார்கள் கொத்தாக வந்து சேர்ந்தன.

ரிம்மர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

"அடேயப்பா, சரியான எடைதான் போட்டிருக்கான்" என்றாள் டார்கஸ். பிறகு கெசியாவின் தோளைத் தட்டினாள். "சரி விடு. தப்பா நெனச்சிட்டேன். ஜேபஸுக்கு அவ்வளவுதான் வேகம்போல. மணல் கிணல்னு நீதான் பெருசா எண்ணிட்ட."

கெசியாவுக்குத் தன் பேர் திரும்பக் கிடைத்துவிட்டது. தேநீருக்கு வந்தவர்கள் சர்க்கரை கேட்டார்கள். ஆனாலும் ஏதோ அவளை அரித்தது.

பொழுது சாயும்போது ரொட்டிக் கடைக்குப் போனாள். ஜேபஸ் வாளித் தண்ணீரில் தலையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வேணும்னே மெதுவா வந்தியா?"

அவன் துண்டால் முகத்தைத் துடைக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டான். பேசாமலிருந்த நாட்களுக்குப் பிறகு முதல் வார்த்தை அல்லவா? "பந்தயத்துக்கு வந்த ஜனம் ஒண்ணுகூடக் காரைப் பாக்கல அக்கா. எல்லாரும் உன்னையே பாத்துட்டு நிக்கிறாங்க. நீ டீ ஊத்திக்கிட்டிருக்க. எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு. நூலிழையில ஜெயிச்சா உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு மிதிக்கிறத விட்டுட்டேன்."

"அப்புறம் தோத்தது?"

"அது வேணும்னு இல்ல. குன்று மேல தெரிஞ்ச புழுதி ஓக்டனோடதுன்னு நெனச்சேன். அவன் அந்த வண்டியை முன்னாடியே தாண்டி வந்திருக்கான். தண்ணி தெளிச்ச ரோட்டுல புழுதி எங்க கெளம்பும்? என்னைத் தோக்கடிச்சது ஓக்டன் இல்ல, தண்ணி வண்டிக்காரன்."

கெசியா மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். "அப்போ தராசுக்காரர் கணக்கு சரியில்ல."

"சரியே இல்ல. ஆனா அந்த மனுஷன் அழுதானே, பாத்தியா? விட்டுடு அக்கா. ஊரும் உன்ன நல்லவள்னு சொல்லிடுச்சு. இனி என்ன?"

"நான் மணல்னு சொன்னது பெருமைப் பேச்சுன்னு ஊரு நெனக்குது. நீ மெதுவா ஓடினத நெசம்னு அவர் நெனக்கிறார். ரெண்டும் நெசமில்ல. இல்லாததை வெச்சு எனக்குப் பேர் எதுக்குடா?"

ஜேபஸ் துண்டைத் தோளில் போட்டான். "சொல்லுன்னும் சொல்லல, சொல்லாதேன்னும் சொல்லல. அடுத்த வருஷம் என்னைக் கடைசியில விட்டா, ரொட்டி மட்டும் வேற கடையில வாங்கிக்கோ."

மறுநாள் காலை படகுத்துறையில் பாதி ஊர் கூடியிருந்தது. கார்களை மிதவையில் ஏற்றுவதைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. டார்கஸ் தபால் பையோடு நின்றாள். ரிம்மர் புதுமாப்பிள்ளை மாதிரி எல்லாரோடும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். கெசியா அவர் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தாள். அவர் மட்டும் கேட்கும்படி சொல்லியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"சார், என் தம்பி பயிற்சியில மணல் வெச்சிருந்தான். நான் சொன்னேன்னு எடுத்துட்டான். அப்புறம் பிரேக்கை மிதிச்சு ஓட்டினான். நேத்தும் ஜெயிச்சுக்கிட்டு இருந்தவன், ரொம்பத் தூரம் போயிட்டோமேன்னு கடைசியில வேணும்னே வேகத்தைக் குறைச்சான். உங்க கணக்கு தப்பாயிடுச்சு. மனசு நோகும்னு தெரியும். ஆனா தெரிஞ்சுக்கிட்டே உங்களை அனுப்ப முடியல."

ஜேபஸ் ஒரு கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

ரிம்மரின் முகம் மெல்ல மலர்ந்தது. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மிஸ் ட்ரெகியர், தோத்துப்போன தம்பிக்காக இந்த அளவுக்குப் பேச ஒரு அக்கா கிடைச்சிருந்தா, நான்கூட கார் ஓட்டப் போயிருப்பேன்" என்றார். சத்தமாகச் சிரித்தார். அவரோடு வந்த சங்கத்துக்காரர்களும் சிரித்தார்கள். "அந்தச் சின்ன வண்டி எவ்வளவு ஓடும்னு எனக்கு நிமிஷக் கணக்குல தெரியும்மா. அடுத்த வருஷமும் அதே சலுகைதான். அதுல மாத்தமே இல்ல." சிரித்துக்கொண்டே படகில் ஏறினார். படகு நகர்ந்தபோதும் தொப்பியை ஆட்டிச் சிரித்துக்கொண்டே போனார்.

கெசியா கையை ஏப்ரனில் துடைத்தாள். டார்கஸ் தபால் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். 

"முதல் தடவையும் இப்படித்தான் சொன்னியா?" என்று டார்கஸ் கேட்டாள்.

"இப்படித்தான்."

"அப்பவும் இப்படித்தான் சிரிச்சானா?"

"அப்போ வாயில உருளைக்கிழங்கு இருந்துச்சு. கொஞ்சமாத்தான் சிரிச்சார்."

டார்கஸ் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் துறைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்களும், கம்பத்துக்குப் பின்னாலிருந்த ஜேபஸும் சிரித்தார்கள். சிரித்து முடித்துத் தபால் பையைத் தோளில் மாட்டினாள்.

"நான் வர்றேன்டி. நீ ரெண்டு தடவையும் உள்ளதைத்தான் சொல்லியிருக்க, அதை ஊரெல்லாம் சொல்லிட்டு வரணும். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."